ஊசி ஏற்றுவது ஒப்பனையல்ல, வைத்தியம்!

ஐக்கிய அமெரிக்காவில், நியூ மெக்ஸிகோ ராஜ்யத்தின் அல்புகர்க்கி நகரில் ஓர் அழகு நிலையம் இருந்தது. முகத்துக்கு மெருகேற்றிக்கொள்ள அங்கே சென்று ஊசி போட்டுக்கொண்ட பெண்களில் சிலருக்கு எச்.ஐ.வி. கிருமி தொற்றியது. விஷயம் முதலில் வெளிப்பட்டது 2018 கோடையில். விசாரணையின் முழு அறிக்கையை அமெரிக்க மத்திய நோய்த் தடுப்பு நிலையம் 2024 ஏப்ரலில் வெளியிட்டது. அழகுக்காகப் போடப்பட்ட ஊசியின் மூலம் இக்கிருமி பரவியதாக ஆவணத்தில் ஏறிய முதல் சம்பவம் இதுவே.

பெரிய பத்திரிகைகள் இதை ஒரு விந்தைச் செய்தியாகப் பிரசுரித்தன; இரண்டு நாளில் மறந்தும் போயின. நாம் அப்படி மறந்துவிட முடியாது. அதே சிகிச்சை இன்று சென்னையிலும் கோவையிலும் மதுரையிலும் விளம்பரப் பலகை மாட்டி விற்கப்படுகிறது. சிகிச்சையைத் தருவது யார், அவர் தகுதி என்ன, அந்த ஊசி எங்கிருந்து வந்தது, யார் அதைச் சோதித்தார்கள் என்ற கேள்விகளை ஜனங்கள் கேட்டாக வேண்டும். அதைவிட முக்கியமாக, சர்க்கார் கேட்டாக வேண்டும்.

இது என்ன சிகிச்சை?

சிகிச்சையின் பெயர் பி.ஆர்.பி. வந்தவரின் கையிலிருந்து ஒரு சிறு குழாயளவு ரத்தம் எடுக்கப்படுகிறது. அதை ஓர் இயந்திரத்தில் இட்டு வேகமாகச் சுழற்றுகிறார்கள். கனமான சிவப்பணுக்கள் அடியில் தங்குகின்றன. மேலே வெளிறிய மஞ்சள் நிறத்தில் பிளாஸ்மா என்னும் திரவம் தெளிகிறது. அதில் தட்டணுக்கள் அதிகமாக இருக்கும் பகுதியைத் தனியே பிரித்து, அதே நபரின் முகத்தில் ஊசியால் ஏற்றுகிறார்கள். அல்லது நுண்ணிய ஊசிகள் பொருத்திய கருவியால் முகமெங்கும் குத்தி, அதன் மேல் தடவுகிறார்கள்.

இதற்குப் பின்னால் விஞ்ஞானம் இல்லாமல் இல்லை. நம் உடலில் காயம்பட்டால் ரத்தத்தை உறையவைக்க முதலில் ஓடிவருபவை தட்டணுக்களே. திசுக்களை வளரத் தூண்டும் பொருள்களும் அவற்றுள் அடங்கியிருக்கின்றன. தட்டணு குறைந்த நோயாளிகளுக்காக 1970-களில் ரத்தவியல் டாக்டர்கள் இம்முறையைக் கையாண்டார்கள். 1990-களில் தாடை எலும்புச் சிகிச்சையில் இது பயன்பட்டது. பிறகு மூட்டு, தசைநார்க் காயங்களுக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நோயாளிக்காகப் பிறந்த ஒரு முறை, கடைத்தெருவில் சுருக்கம் போக்கும் சரக்காக மாறிய கதை அதன் பிறகு நடந்தது.

வியாபாரிகள் இதற்கு வைத்த பெயரைப் பாருங்கள்: ‘வாம்பயர் பேஷியல்’. அதாவது, ரத்தக் காட்டேரி முகச் சிகிச்சை! அமெரிக்க டாக்டர் ஒருவர் இப்பெயரை வியாபாரச் சின்னமாகவே பதிவு செய்துகொண்டார். 2013-ல் கிம் கார்டாஷியன் என்னும் டெலிவிஷன் பிரமுகர் ரத்தம் தோய்ந்த தன் முகத்தைப் படம் பிடித்து உலகுக்குக் காட்டியதும், சிகிச்சையின் புகழ் கண்டம் விட்டுக் கண்டம் தாவியது. மூலதனத்தை ரத்தம் உறிஞ்சும் காட்டேரிக்கு ஒப்பிட்டு எழுதியவர் மார்க்ஸ். அவர் உவமையாகச் சொன்னதை இவர்கள் விளம்பரப் பலகையிலேயே எழுதிவிட்டார்கள்!

சமையலறையில் ரத்தக் குழாய்கள்

அந்த அழகு நிலையத்தில் அதிகாரிகள் கண்டது என்ன?

பெயர்ச் சீட்டு ஒட்டாத ரத்தக் குழாய்கள் சமையலறை மேடை மீது அடுக்கப்பட்டிருந்தன. இன்னும் சில குழாய்கள், உணவுப் பண்டங்களோடும் மற்ற ஊசி மருந்துகளோடும் ஒரே குளிர்ப்பெட்டிக்குள் கிடந்தன. உறை பிரிக்கப்பட்ட ஊசிகள் மேஜை இழுப்பறைகளில் இருந்தன. கருவிகளை நீராவியில் வைத்துக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் அங்கே இல்லவே இல்லை. ஒருமுறை உபயோகித்து எறிய வேண்டிய கருவி முனைகளைச் சாராயத்தில் நனைத்து மறுபடியும் உபயோகித்திருக்கிறார்கள். அந்த நிலையத்துக்கு முறையான லைசென்ஸும் கிடையாது.

2018 இலையுதிர் காலத்தில் நிலையம் மூடப்பட்டது. பிறகு வாடிக்கையாளர்களைத் தேடிப் பிடிக்கும் வேலை தொடங்கியது. அதுவும் எளிதாக இல்லை. யார் வந்தார்கள், எங்கே வசிக்கிறார்கள் என்பதற்குச் சரியான பதிவேடு இல்லை. கையெழுத்துக் குறிப்புகளையும் சம்மதப் பத்திரங்களையும் உரிமையாளரின் டெலிபோனில் இருந்த பெயர்களையும் கோத்துத்தான் பட்டியல் தயாரிக்க வேண்டியிருந்தது. ஆபத்துக்கு ஆளாகியிருக்கக் கூடிய 59 வாடிக்கையாளர்கள் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். அவர்களில் 20 பேர் இந்த ரத்தச் சிகிச்சை பெற்றவர்கள். மற்றவர்கள் வேறு வகை ஊசிகள் போட்டுக்கொண்டவர்கள். 2018 முதல் 2023 வரை, பழைய வாடிக்கையாளர்களும் அவர்களுடைய துணைவர்களுமாக 198 பேருக்கு இலவசப் பரிசோதனை நடந்தது.

அந்த நிலையத்துடன் சம்பந்தப்பட்ட ஐந்து பேரின் உடலில் இருந்த கிருமிகள் மரபணு அமைப்பில் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை என்று தெரியவந்தது. நால்வர் வாடிக்கையாளர்கள், ஐந்தாமவர் அவர்களில் ஒருவரின் துணைவர். இவர்களில் இருவருக்கு நிலையத்துக்கு வருமுன்பே தொற்று இருந்திருக்க வேண்டும் என்பது விசாரணையின் முடிவு. மற்ற மூவருக்கு? முகத்துக்கு மெருகு தேடிப் போன இடத்தில் ஆயுள் முழுவதும் மருந்து உண்ண வேண்டிய நோய் கிடைத்தது. அவர்களில் ஒருவருக்கு அது தெரியவந்தது ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023-ல்!

நிலையத்தின் உரிமையாளர், லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததாக ஐந்து குற்றங்களை 2022-ல் கோர்ட்டில் ஒப்புக்கொண்டார். மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அத்துடன் கணக்குத் தீர்ந்தது என்று சொல்வார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. ரத்தக் குழாய்கள் ஒரு நாளில் சமையலறைக்கு வந்துவிடவில்லை. ஒரு நோயாளி வெளிப்படும்வரை, உலகிலேயே பணக்கார நாட்டின் ஒரு பெரிய நகரத்தில், அந்தக் கதவைத் தட்டி உள்ளே எட்டிப் பார்க்க ஓர் அதிகாரிக்கும் தோன்றாதது ஏன்? வெளியே மாட்டியிருந்த பலகையில் ‘அழகு நிலையம்’ என்று எழுதியிருந்தது. அந்தப் பலகை, உள்ளே நடந்த வைத்தியத்துக்குத் திரையாக நின்றது. இதுதான் இச்சம்பவத்தின் சாரம்.

“உன் ரத்தம்தானே, பயமென்ன?”

இந்தச் சிகிச்சையை விற்பவர்கள் முக்கியமாகச் சொல்லும் வாதம் ஒன்றுண்டு. “வெளி மருந்து எதுவும் இல்லை, உங்கள் சொந்த ரத்தம்தான் உங்களுக்கே திரும்புகிறது. ஆகவே ஆபத்தே இல்லை” என்கிறார்கள். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ரத்தம் மட்டும்தான் சொந்தம். அதை எடுக்கும் ஊசி சொந்தமல்ல. குழாய் சொந்தமல்ல. சுழற்றும் இயந்திரமும் முகத்தில் குத்தும் கருவியும் நூறு பேருக்குப் பொது. குழாயின் மேல் பெயர் எழுதாவிட்டால், அடுத்தவர் ரத்தம் உங்கள் முகத்தில் ஏறாது என்பதற்கு என்ன உத்தரவாதம்?

உண்மையில் மாத்திரையைவிடவும் களிம்பைவிடவும் இந்தச் சிகிச்சைக்குத்தான் அதிகக் கண்காணிப்பு தேவை. ரத்தத்தை வெளியே எடுத்து, கையாண்டு, மறுபடி உள்ளே செலுத்தும் ஒவ்வொரு கட்டத்திலும் கிருமி நுழைய வழி இருக்கிறது. எச்.ஐ.வி. மட்டுமல்ல, கல்லீரலைத் தின்னும் ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகளும் இதே வழியில்தான் வருகின்றன. அவற்றில் பி வகைக் கிருமி உலர்ந்த ரத்தக் கறையிலும் ஏழு நாள்வரை உயிரோடு இருக்க வல்லது. துணியால் துடைத்த மேஜையும் சாராயத்தில் நனைத்த ஊசியும் சுத்தம் என்று நம்புவது எத்தகைய அறியாமை!

இத்தனை ஆபத்துக்கும் பலன்தான் எவ்வளவு? அமெரிக்காவில் தோல் நோய் டாக்டர்கள் செய்த ஒரு சோதனையின் முடிவு 2018-ல் வெளியாயிற்று. ஒவ்வொருவருக்கும் ஒரு கன்னத்தில் பி.ஆர்.பி.யும் மறு கன்னத்தில் வெறும் உப்பு நீரும் ஊசியால் ஏற்றினார்கள். எந்தக் கன்னத்தில் எது என்று அவர்களுக்குச் சொல்லவில்லை. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது, பி.ஆர்.பி. ஏற்றிய பக்கம் சற்று மேம்பட்டிருப்பதாக அவர்கள் கருதினார்கள். ஆனால் புகைப்படங்களைப் பார்த்து மதிப்பிட்ட டாக்டர்களுக்கு இரண்டு கன்னங்களுக்கும் குறிப்பிடத் தக்க வித்தியாசம் தெரியவில்லை. அது சிறிய சோதனைதான். முப்பது பேர்கூட இல்லை. பெரிய சோதனைகள் நடத்தி உண்மையைக் காண்பது விஞ்ஞானத்தின் வேலை. அதற்கு முன்பே ‘பத்து வயது குறையும்’ என்று பலகை எழுதுவது வியாபாரியின் வேலை.

மேலும், எத்தனை வேகத்தில் எத்தனை நிமிஷம் சுழற்றுவது, தட்டணு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு எல்லோரும் பின்பற்றும் ஒரே அளவுகோல் கிடையாது. ஒரு கடையில் கிடைப்பது மற்றொரு கடையில் கிடைப்பதல்ல. அமெரிக்காவில் ரத்தம் சுழற்றும் கருவிகளுக்கு அனுமதி தரப்பட்டது முக்கியமாக எலும்புச் சிகிச்சைக்கு. முக அழகுக்கு என்று அங்கே தனி ஒப்புதல் ஏதும் இல்லை. ஆயினும் ஒரு தடவைக்குப் பல நூறு டாலர் வசூலாகிறது. ஒரு தடவை போதாது, மூன்று நான்கு தடவை வர வேண்டும் என்றும் சொல்லப்படுகிறது.

“நமக்கென்ன?” என்பவர்களுக்கு

“இது பணக்காரப் பெண்களின் பொழுதுபோக்கு. கூலி உயர்வுக்கும் குடிநீருக்கும் போராடும் ஜனங்களுக்கு இதில் என்ன வந்தது?” என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். இக்கேள்விக்கு நேராகவே பதில் சொல்வோம்.

முதலாவதாக, ஏமாற்றப்பட்டவரைக் கேலி செய்வது நம் வழக்கமல்ல. முகத்தில் வயது தெரிந்தால் மதிப்பில்லை என்ற பயத்தைப் பெண்ணின் மனத்தில் ஏற்றியது யார்? சினிமாவும் விளம்பரமும் கல்யாணச் சந்தையும் சேர்ந்து ஏற்றின. வரவேற்பு மேஜையிலும் ஜவுளிக்கடையிலும் நிற்கும் பெண்ணிடம் வேலைத் திறமையோடு முகப் பொலிவையும் சேர்த்து எதிர்பார்க்கிறார் முதலாளி. நகையை அடகு வைத்தோ தவணையில் கட்டியோ இச்சிகிச்சைக்குப் போகிறவள் பணக்காரி என்று எப்படிச் சொல்வது? முதலில் பயத்தை விற்கிறார்கள். பிறகு அந்தப் பயத்துக்கு மருந்தை விற்கிறார்கள். இரண்டிலும் லாபம் அவர்களுக்கே.

இரண்டாவதாக, அந்த நிலையங்களில் வேலை செய்யும் பெண்களை நினைத்துப் பாருங்கள். சில வாரப் பயிற்சியோடு ஊசியையும் ரத்தக் குழாயையும் கையில் வாங்கும் ஒரு பெண், தன் விரலில் குத்திக்கொண்டால் யாரிடம் சொல்வாள்? ஹெபடைட்டிஸ் தடுப்பூசி அவளுக்குப் போடப்பட்டதா? அப்படிப்பட்ட விபத்துக்கு நஷ்ட ஈடு உண்டா? வாடிக்கையாளரின் ஆபத்து என்றாவது பத்திரிகையில் வரும். தொழிலாளியின் ஆபத்து அதுவும் வருவதில்லை.

மூன்றாவதாக, சுத்தமில்லாத ஊசி பணக்காரர், ஏழை என்று பார்ப்பதில்லை. அல்புகர்க்கி சம்பவம் நடந்த அதே 2018-ன் தொடக்கத்தில், உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் ஜில்லாவில் பாங்கர்மாவ் பகுதி ஏழை ஜனங்கள் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதாக ஒரு போலி வைத்தியர் கைது செய்யப்பட்டார். மறு ஆண்டு, 2019-ல், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் ரத்தோதேரோ என்ற ஊரில் எண்ணூறுக்கும் மேற்பட்டவர்களுக்கு இதே தொற்று வெளிப்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் சிறு குழந்தைகள்! காய்ச்சலுக்கும் இருமலுக்கும் போட்ட ஊசிகள் அங்கே எமனாயின. ஓரிடத்தில் பளபளப்பான அழகு நிலையம். மற்ற இடங்களில் ஓட்டு வீட்டு வைத்தியசாலை. குறை ஒன்றே: ஊசி போடுகிறவரைக் கேட்பாரில்லை.

நம் நாட்டு அனுபவம்

சட்டமும் கண்காணிப்பும் வந்தால் நிலைமை மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. தொற்று முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டது 1986-ல், சென்னையில்தான். அந்தக் காலத்தில் ரத்தம் காசுக்கு விற்கப்பட்டது. வயிற்றுக்கில்லாதவர்கள் தங்கள் ரத்தத்தை விற்றார்கள், தரகர்கள் கொழுத்தார்கள், சோதிக்கப்படாத ரத்தம் நோயாளிகளின் உடலில் ஏறியது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. 1998 ஜனவரி முதல் காசுக்கு ரத்தம் வாங்குவது தடை செய்யப்பட்டது. ரத்த வங்கிகளுக்கு லைசென்ஸும் பரிசோதனையும் கட்டாயமாயின. ரத்தம் சந்தைச் சரக்கல்ல என்று நாடு முடிவு செய்தது. ‘இது நடக்காது, ரத்தமே கிடைக்காமல் போகும்’ என்றார்கள் அன்று. இன்று தானமாகத் தரும் லட்சக்கணக்கான ஜனங்கள் அந்த வாதத்தைப் பொய்யாக்கிவிட்டார்கள்.

அப்படியிருக்க, ரத்த வங்கியில் ஒரு பாட்டில் ரத்தத்துக்கு இத்தனை விதிகள் வைத்திருக்கும் நாட்டில், அழகு நிலையத்தின் பின்னறையில் எடுத்துச் சுழற்றி ஏற்றப்படும் ரத்தத்தை யார் பார்க்கிறார்கள்?

தமிழ்நாட்டில் தனியார் மருத்துவ நிலையங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997-லேயே நிறைவேறியது. அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் வந்தது 2018-ல்! இருபத்தொரு ஆண்டு சட்டம் அலமாரியில் தூங்கியது. அந்த இருபத்தொரு ஆண்டில் எத்தனை ஆயிரம் பலகைகள் முளைத்தன! இப்போதும் பியூட்டி பார்லர் என்ற பெயரில் நடக்கும் இடத்துக்கும், கிளினிக் என்ற பெயரில் நடக்கும் இடத்துக்கும் இடையே உள்ள கோடு ஜனங்களுக்குப் புரியும்படி இல்லை. வெள்ளைக் கோட்டு அணிந்தவரெல்லாம் டாக்டர் என்று நம்பி உள்ளே போகிறார்கள்.

பயிற்சி பெற்ற தோல் நோய் டாக்டர்கள், புதிய ஊசியும் மூடிய குழாயும் கொண்டு, முறையாகப் பெயரெழுதி இச்சிகிச்சையைச் செய்கிறார்கள் என்பதை நாம் மறுக்கவில்லை. அவர்கள்மீது நமக்குப் புகார் இல்லை. கண்காணிப்பு வந்தால் அந்த நேர்மையான டாக்டர்களுக்கும் நன்மையே. மலிவு விலை காட்டி அவர்களோடு போட்டியிடும் போலிகள்தான் அஞ்ச வேண்டும்.

என்ன செய்ய வேண்டும்?

நமது கோரிக்கைகள் தெளிவானவை.

1. தோலைத் துளைத்து ஊசி ஏற்றும் எந்தச் செயலும், என்ன பெயரில் நடந்தாலும், வைத்தியம் என்றே கருதப்பட வேண்டும். பதிவு பெற்ற, அதில் பயிற்சியுள்ள டாக்டரின் பொறுப்பில்தான் அது நடக்க வேண்டும்.

2. இச்சிகிச்சை தரும் எல்லா நிலையங்களும் மருத்துவ நிலையச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்யப்பட வேண்டும். லைசென்ஸும் டாக்டரின் பதிவு எண்ணும் எல்லோரும் பார்க்கும்படி வாசலில் தமிழில் எழுதப்பட வேண்டும்.

3. முன்னறிவிப்பில்லாத பரிசோதனை நடக்க வேண்டும். அதற்கு வேண்டிய எண்ணிக்கையில் சுகாதார இன்ஸ்பெக்டர்களை சர்க்கார் நியமிக்க வேண்டும். ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டே காலி இடங்களை வைத்திருப்பது ஜனங்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

4. வந்தவர் யார், எந்தத் தேதியில் எந்த ஊசி போடப்பட்டது, போட்டவர் யார் என்ற பதிவேடு கட்டாயமாக இருக்க வேண்டும். அல்புகர்க்கியில் ஒரு பெண் ஐந்து ஆண்டு கழித்துத் தன் நோயை அறிந்த கொடுமை இங்கே நேரக் கூடாது.

5. அங்கு வேலை செய்யும் தொழிலாளருக்குப் பயிற்சியும் இலவசத் தடுப்பூசியும், ஊசி குத்திய விபத்துக்குச் சிகிச்சையும் நஷ்ட ஈடும் முதலாளியின் செலவில் தரப்பட வேண்டும்.

6. நிரூபிக்கப்படாத பலனைச் சொல்லும் விளம்பரங்கள் தடை செய்யப்பட வேண்டும்.

சர்க்கார் செயல்படும்வரை ஜனங்கள் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இத்தகைய இடத்துக்குப் போகிறவர்கள் நான்கு கேள்விகளைக் கூசாமல் கேட்க வேண்டும்: ஊசி போடப் போவது டாக்டரா? ஊசியும் கருவி முனையும் என் கண்முன்னே உறை பிரிக்கப்படுமா? என் ரத்தக் குழாயில் என் பெயர் எழுதப்படுமா? நாளை ஏதேனும் நேர்ந்தால் என் பதிவு உங்களிடம் இருக்குமா? ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும் எழுந்து வந்துவிட வேண்டும். ஏற்கெனவே சந்தேகமான இடத்தில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அச்சமோ வெட்கமோ இல்லாமல் அரசு ஆஸ்பத்திரியின் நம்பிக்கை மையத்துக்குச் செல்லலாம். அங்கே எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம், விவரம் வெளியே சொல்லப்படாது. தொற்று இருந்தாலும் மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. காலத்தில் தொடங்கினால் நீண்ட நாள் நலமாக வாழலாம்.

மாதர் சங்கங்களும் வாலிபர் சங்கங்களும் இவ்விஷயத்தைத் தங்கள் கூட்டங்களில் எடுத்துப் பேச வேண்டும். தங்கள் வட்டாரத்தில் பலகை மாட்டியிருக்கும் நிலையங்களுக்குப் பதிவு உண்டா என்று ஜில்லா சுகாதார அதிகாரியிடம் எழுத்து மூலம் கேட்க வேண்டும். பதில் வரும்வரை விடாமல் கேட்க வேண்டும். அந்த ஒரு கேள்வியை அல்புகர்க்கியில் யாராவது முன்கூட்டியே கேட்டிருந்தால், அந்தப் பெண்கள் இன்று நோயாளிகளாக இருக்கமாட்டார்கள்.